மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? ஓட்டப்போவது யார் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. மேடவாக்கத்தில் வீடு, அடையாறில் வங்கி வேலை. கார் லைசென்ஸ் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. எடுத்த புதிதில் ஒருநாள் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நின்றபோது வண்டி ஆஃப் ஆகி, திரும்ப எடுக்கும்போது பின்னால் உருண்டது. பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. அதோடு ஓட்டுவதை விட்டுவிட்டேன். கணவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவார். மற்ற நாட்களில் அவர் மின்சார ரயில். இப்போது பழைய காரைக் கொடுத்துவிட்டு 10 லட்சத்துக்குள் புதிது வாங்குகிறோம். தினமும் நான்தான் அலுவலகத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்று முடிவு. நான் ஆட்டோமேட்டிக் கேட்கிறேன். கணவர், "மைலேஜ் வராது, மலை ஏறாது, ரிப்பேர் என்றால் லட்சக்கணக்கில் போகும், அப்புறம் நீ உருப்படியாக ஓட்டவே கற்றுக்கொள்ள மாட்டாய்" என்கிறார். என் பெற்றோர் கோத்தகிரி பக்கம் இருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மலை ஏறியாக வேண்டும். மகளுக்கு அடுத்த வருடம் 18 ஆகிறது, அவளும் கற்றுக்கொள்வாள். எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். வாரத்தில் ஐந்தாறு நாள் ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போவது நீங்கள். அந்த வண்டி உங்கள் கைக்கும் காலுக்கும்தான் பொருந்த வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறேன். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் தன் ருசிக்கு ஒரு காரைத் தேர்ந்தெடுப்பார். தினமும் எடுக்க வேண்டியவர் அதைக் கண்டு பயப்படுவார். ஆறு மாதத்தில் கார் தூசி படிந்து நிற்கும், அவர் பழையபடி ஆட்டோவில் போய்க்கொண்டிருப்பார். உங்கள் வீட்டில் அப்படி ஆகக் கூடாது.

உங்கள் கணவர் சொல்வதைத் தட்டிவிடவும் கூடாது. அவர் சொன்ன நான்கில் ஒன்று பழைய கதை, ஒன்று பாதி உண்மை, ஒன்று திசை மாறிய உண்மை. கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மேம்பாலத்தில் அன்று என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஏற்றத்தில் நின்ற மேனுவல் காரை எடுக்க, வலது கால் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டருக்குத் தாவ வேண்டும். அதே நொடியில் இடது கால் கிளட்ச்சை எஞ்சினும் சக்கரமும் பிடித்துக்கொள்ளும் இடத்தில் நிறுத்த வேண்டும். கூடவே இடது கை ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். அந்தப் பிடிமான இடம் காருக்குக் கார் மாறும், கிளட்ச் பிளேட் தேயத் தேயவும் மாறும். பழகியவருக்கு உடம்பே செய்துவிடுகிற வேலை இது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு, முதுகுக்குப் பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது, தடுமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உங்களுக்கு ஓட்ட வராது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. சாலையில் ஓட்டுவது என்பது வேகத்தைக் கணிப்பது, இடைவெளி விடுவது, கண்ணாடிகளைப் பார்ப்பது, எதிரே வருகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே ஊகிப்பது. கிளட்ச் மிதிப்பது இதில் எதுவும் இல்லை. கிளட்ச்சைப் பற்றிய பயம் போனால் உங்கள் கவனம் முழுவதும் சாலைக்குக் கிடைக்கும். ஆட்டோமேட்டிக்கில் கற்றவர் பாதி ஓட்டுநர் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

மைலேஜ் விஷயம் பழைய கதை. முன்பு வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கார்கள் உண்மையிலேயே பெட்ரோலைக் குடித்தன. அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது நிலைமை வேறு. 2024இல் வந்த புதிய ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் அறிவித்த மைலேஜ் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.80 கி.மீ., அதே எஞ்சினோடு வரும் ஆட்டோமேட்டிக்குக்கு 25.75 கி.மீ. சோதனைக்கூடத்து எண்கள்தான். வேளச்சேரி நெரிசலில் இரண்டுமே இதற்கு வெகு கீழே வரும். ஆனால் வித்தியாசம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மனிதர் மறந்தாலும் கணினி மறக்காமல் சரியான நேரத்தில் மேல் கியருக்கு மாற்றிவிடுகிறது, அதனால்தான்.

ரிப்பேர் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை. எந்த ஆட்டோமேட்டிக் என்பதைப் பொறுத்தது அது. ஒரே பெயரில் நான்கு வேறு வேறு கருவிகள் விற்பனைக்கு இருக்கின்றன. ஷோரூமில் "ஆட்டோமேட்டிக் மேடம், டிரைவ்ல போட்டா போதும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டியது இங்கேதான்.

முதலாவது ஏஎம்டி. இது அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான், அதே கிளட்ச் பிளேட்தான். உங்கள் காலும் கையும் செய்த வேலையைக் கணினியின் கட்டளைப்படி ஒரு சிறிய கருவி செய்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டில் 2014இல் மாருதி செலிரியோவோடு இது வந்தது. கருவியைத் தந்தது இத்தாலியின் மக்னெட்டி மரெல்லி நிறுவனம். அதற்கு முன் ஆட்டோமேட்டிக் என்றால் வசதியானவர்களின் பெரிய கார் என்றிருந்த எண்ணத்தை மாற்றியது அந்தச் சின்னக் கார்தான். மேனுவலைவிட ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய் கூடுதல் கொடுத்தால் கிடைக்கிறது. பழுது பார்க்கவும் செலவு குறைவு, ஏனென்றால் உள்ளே இருப்பது ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த கியர்பாக்ஸ். குறை என்னவென்றால், கியர் மாறும்போது ஒரு நொடி விசை அறுபட்டு மீண்டும் வரும். தலை லேசாக முன்னால் ஆடும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆட்டம் குறையும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இரண்டாவது சிவிடி. இதில் கியர்கள் என்று தனித்தனியாக இல்லை. அகலம் மாறக்கூடிய இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஓர் உலோகப் பட்டை ஓடுகிறது. கப்பிகள் விரிந்து சுருங்க, எஞ்சின் சுற்றுக்கும் சக்கரச் சுற்றுக்கும் உள்ள விகிதம் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. குலுக்கலே இருக்காது. நகர நெரிசலுக்கு இதைவிடச் சுகமானது இல்லை. அழுத்தி மிதித்தால் மட்டும் எஞ்சின் சத்தம் முன்னால் ஓடும், வேகம் பின்னால் வரும். அவசரமாக ஓட்டுபவர்களுக்கு இது பிடிக்காது. ஹோண்டா அமேஸில் இதுதான். நிசான் மேக்னைட்டின் டர்போவிலும் கிடைக்கிறது.

மூன்றாவது, பழைய பாணியான டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் தேயக்கூடிய பிளேட் கிடையாது. எதிரெதிரே சுழலும் இறக்கைச் சக்கரங்களுக்கு இடையில் எண்ணெய் வழியாக விசை கடக்கிறது. முரட்டுத்தனமான உழைப்பைத் தாங்கும். மாருதி பிரெஸ்ஸாவில் ஆறு கியரோடு இருப்பது இது. விலை மேனுவலைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் கூடும்.

நான்காவது டிசிடி. இரண்டு கிளட்ச், ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு மற்றொன்று. அடுத்த கியர் முன்பே தயாராக நிற்பதால் மாறுவதே தெரியாது. நெடுஞ்சாலையில் ஓட்ட அருமை. ஆனால் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை, அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் சூடாகும். பழுதானால் செலவும் பெரிது. உங்களுக்கு இது வேண்டாம். கிளட்ச் மிதி இல்லாமல், கியரை மட்டும் கையால் மாற்றும் ஐஎம்டி என்று ஒன்றும் 2020 முதல் ஹூண்டாய், கியா கார்களில் வந்தது. அதுவும் உங்கள் பிரச்சினையைப் பாதிதான் தீர்க்கும்.

லட்சக்கணக்கில் போகும் என்று உங்கள் கணவர் பயப்படுவது முக்கியமாக சிவிடிக்கும் டிசிடிக்கும் பொருந்தும். அதுவும் தானாக வருவதில்லை. சிவிடியில் அந்த நிறுவனம் சொல்லும் எண்ணெயை, சொல்லும் கிலோமீட்டரில் மாற்றுங்கள். "வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால் உரிமையாளர் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நீட்டித்த வாரண்டியை வாங்கும்போதே போட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் காருக்கு அது வீண் செலவு இல்லை. மேனுவலுக்கும் செலவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். தினமும் நெரிசலில் பாதிக் கிளட்ச்சை மிதித்தபடியே ஊர்ந்தால் பிளேட் சீக்கிரம் தேயும். கிளட்ச் மிதியில் காலை ஓய்வாக வைத்து ஓட்டுகிறவர்களின் வண்டியில் இன்னும் சீக்கிரம். இடது முழங்காலும் கூடவே தேய்கிறது. அதற்கு ஷோரூமில் பில் போட மாட்டார்கள்.

இப்போது மலை. "மலை ஏறாது" என்கிறாரே, அது திசை மாறிய உண்மை. ஏறுவதில் எந்த ஆட்டோமேட்டிக்கும் சளைத்ததில்லை. கவனம் வேண்டியது இறக்கத்தில்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். நீங்கள் குடும்பமும் பையுமாக இறங்கும்போது காரின் எடை 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,400 மீட்டருக்கு மேல் இறங்கும் அந்த எடை சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் எங்காவது செலவாகியே தீர வேண்டும். கணக்குப் போட்டால், அறை வெப்பத்தில் இருக்கும் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் அது. கொஞ்சம் காற்றின் எதிர்ப்பிலும் டயரிலும் போய்விடும். மீதி முழுவதையும் நான்கு சக்கரங்களின் பிரேக்கே ஏற்க வேண்டுமா, எஞ்சினும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டுமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. "பிரேக் ஃபெயிலியர்" என்று செய்தியில் படிக்கும் மலைப்பாதை விபத்துகள் பல இப்படி நடப்பவை.

மேனுவல் ஓட்டுபவர்கள் இதற்கு ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார்கள்: எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே முதல், இரண்டாம் கியரிலேயே இறங்கச் சொல்லிப் பலகைகள் வைத்திருப்பது இதனால்தான். ஆட்டோமேட்டிக்கில் டிரைவ் நிலையிலேயே விட்டு இறங்கினால் கணினி, நீங்கள் ஆக்சிலரேட்டரை விட்டதைப் பார்த்து, பெட்ரோல் மிச்சப்படுத்தலாம் என்று மேல் கியருக்குப் போகப் பார்க்கும். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

ஏஎம்டி காரில் லீவரை மேனுவல் முறைக்குத் தள்ளி, இரண்டாம் கியருக்கோ, வளைவு இறுக்கமாக இருந்தால் முதல் கியருக்கோ கொண்டுவாருங்கள். இந்த விஷயத்தில் ஏஎம்டி, மேனுவலுக்குச் சமம். சிவிடி காரில் எல் அல்லது எஸ் என்று ஒரு நிலை இருக்கும், சிலவற்றில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் துடுப்புகள் இருக்கும். வாங்கப்போகும் மாடலில் இதில் எது இருக்கிறது என்பதை ஷோரூமிலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எதுவுமே இல்லை என்றால் அந்த மாடல் கோத்தகிரிக்குப் போகிற குடும்பத்துக்கு வேண்டாம். இந்த நிலையில் இறங்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 3,000, 4,000 சுற்றில் உறுமும். புதிதாக ஓட்டுபவர்கள் பயந்துபோய் திரும்ப டிரைவுக்கு மாற்றிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. பெட்ரோலும் போகாது: வண்டி கியரில் உருளும்போது நீங்கள் ஆக்சிலரேட்டரைத் தொடாவிட்டால் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் உருட்டினால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சில பைசாவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து வண்டியின் பிடியை விட்டுவிடுகிறார்கள், அந்தப் பைசாவும் மிச்சமாவதில்லை. உங்கள் கணவருக்கு அந்தப் பழக்கம் இருந்தால், மேனுவலோ ஆட்டோமேட்டிக்கோ, இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

பிரேக்கையும் தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள். வேகம் கூடும்போது உறுதியாக ஒருமுறை அழுத்திக் குறைத்து, முழுவதுமாக விட்டுவிடுங்கள். ஆற நேரம் கிடைக்கும். கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் நில்லுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சரி, எதை வாங்குவது? மேடவாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை, வேளச்சேரி, தரமணி வழியாக அடையாறு வரை நீங்கள் போகும் பாதையில், காலை ஒன்பது மணிக்கு இரண்டாம் கியரைத் தாண்டினாலே பெரிய விஷயம். அந்த மாதிரி ஊர்தலில் தேய ஏதும் இல்லாத எண்ணெய் வழி விசைதான் நல்லது. அதனால் என் முதல் தேர்வு சிவிடி. இப்போது வரும் பெரும்பாலான சிவிடிகளில் வண்டியைக் கிளப்பும் வேலையை டார்க் கன்வெர்ட்டரே செய்கிறது; ஊர்வதும் ஏற்றத்தில் கிளம்புவதும் வழவழப்பாக இருக்கும். உங்கள் பட்ஜெட்டுக்குள் ஆன்-ரோடு விலையில் அது அடங்கினால் அதையே எடுங்கள். கொஞ்சம் இடிக்கிறது என்றால் கடனைக் கூட்ட வேண்டாம், நல்ல ஏஎம்டி எடுங்கள். ஸ்விஃப்ட், பலேனோ, டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர் எல்லாவற்றிலும் ஏஎம்டி இருக்கிறது. அதில் ஹில் ஹோல்டு கட்டாயம் இருக்க வேண்டும். ஏற்றத்தில் நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு நொடி அது வண்டியைப் பிடித்துவைக்கும். அன்று மேம்பாலத்தில் உங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஓரிரு நொடிதான்.

ஏஎம்டி எடுத்தால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவார்கள் சிலர். உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச் பிளேட் என்பதால் அது கருகும். நிற்க வேண்டும் என்றால் பிரேக், நெடுநேரம் நிற்க வேண்டும் என்றால் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும். குறுகிய சிக்னலில் டிரைவில் வைத்துப் பிரேக்கை மிதித்திருந்தால் போதும். அப்போது கிளட்ச் விலகியே இருக்கும், தேயாது.

மின்சாரக் காருக்கு கியரே இல்லை, கிளட்ச்சும் இல்லை, நகரத்துக்கு அதைவிட எளிது கிடையாது. ஆனால் சென்னையிலிருந்து கோத்தகிரிக்கு வழியில் சார்ஜ் போட்டுத்தான் போக வேண்டும். இந்த பட்ஜெட்டில், வீட்டுக்கு ஒரே கார் என்கிற நிலையில், நான் இப்போது அதைச் சொல்ல மாட்டேன்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் ஒரு சுற்றோடு முடித்துக்கொள்ளாதீர்கள். ஓட்டுவது நீங்களாக இருக்க வேண்டும், கணவர் பின்சீட்டில் உட்காரட்டும். வண்டியை அன்று உங்களைப் பயமுறுத்திய மாதிரியான ஒரு மேம்பாலத்துக்கு எடுத்துப் போங்கள். வீட்டில் அடித்தள பார்க்கிங் இருந்தால் அந்தச் சரிவில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஏஎம்டிக்கும் சிவிடிக்கும் உள்ள வித்தியாசம் வேறு எங்கேயும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி நான் சொல்லப்போவது, கார் தேர்வைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்டோமேட்டிக்கில் ஓர் ஆபத்து இருக்கிறது. மேனுவலில் தவறு செய்தால் பெரும்பாலும் வண்டி ஆஃப் ஆகும். ஆட்டோமேட்டிக் ஆஃப் ஆகாது, பாயும். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு, வண்டி பாய்ந்ததும் பதற்றத்தில் அதையே இன்னும் அழுத்துவது, பார்க்கிங் சுவரில் இடிப்பது, கடைக்குள் புகுவது எல்லாம் இப்படி நடக்கின்றன. இதற்கு மருந்து பழக்கம் மட்டும்தான்.

இரண்டு மிதிக்கும் வலது கால் மட்டுமே. இடது காலை ஓரத்தில் உள்ள ஓய்வுப் பலகையில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மேனுவலில் கற்ற கால், கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதிக்கும், வண்டி நடுச் சாலையில் சடக்கென்று நிற்கும். வலது குதிகால் தரையில், பிரேக்குக்கு நேராக ஊன்றியிருக்கட்டும். பாதத்தைத் திருப்பினால் ஆக்சிலரேட்டர், நேராக்கினால் பிரேக். சும்மா இருக்கும்போது பாதத்தின் இடம் பிரேக்தான். வார் இல்லாத செருப்போடு ஓட்டாதீர்கள். எந்த நிலைக்கு லீவரை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் பிரேக். ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் இடையில் மாறும்போது வண்டி முழுவதுமாக நின்றிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, பார்க்கிங்கில் ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். சமதளத்தில் பிரேக்கைத் தளர்த்தினாலே வண்டி தானாக மெல்ல நகரும். அந்த நகர்வைப் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்திப் பழகுங்கள். இரண்டு மூன்று ஞாயிறு காலை, காலியான மைதானத்தில் இதை மட்டுமே செய்யுங்கள்: நகர்த்துவது, நிறுத்துவது, ரிவர்ஸ், நிறுத்துவது. அதன் பிறகு போக்குவரத்து குறைந்த அதிகாலையில் அலுவலகப் பாதையை முழுதாக ஒருமுறை. அப்புறம்தான் ஒன்பது மணிக் கூட்டம்.

கற்றுக்கொடுக்கக் கணவரை உட்காரவைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் நல்லவர்தான், உங்கள்மீது அக்கறை இல்லாமல் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "பார்த்து, பார்த்து" என்று சொல்லும் குரல் அன்றைய பேருந்து ஹாரனைப் போலவே உங்களைப் பதறவைக்கும். உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் காரிலேயே பத்துப் பதினைந்து நாள் பழக்கிவிடும் பயிற்சியாளர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெண் பயிற்சியாளர்களும் உண்டு. அந்தப் பணத்தையும் கார் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. பெற்றோர் வீட்டு வாசல் சரிவாக இருக்கும் என்பதால் சொல்கிறேன்: பார்க் நிலை உள்ள காரில் முதலில் காலால் பிரேக், பிறகு நியூட்ரல், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, கால் பிரேக்கை விட்டுப் பார்த்து, வண்டி நகரவில்லை என்று தெரிந்த பிறகு பார்க்கில் போடுங்கள். இல்லையென்றால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கி காரின் மொத்த எடையையும் சுமக்கும். நம் ஊர் ஏஎம்டி கார்கள் பெரும்பாலானவற்றில் பார்க் நிலையே கிடையாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்தபடி எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். பேட்டரி இறங்கினால் ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிக் கிளப்ப முடியாது. டிக்கியில் ஒரு ஜம்ப்பர் கேபிள் இருக்கட்டும். பழுதாகி நின்றால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகும் லாரியைக் கூப்பிடுங்கள். எஞ்சினால் ஓடும் சக்கரங்கள் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் கெடும்.

கடைசியாக உங்கள் மகள். நம் நாட்டில் இருசக்கர வாகனத்துக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று லைசென்ஸில் பிரிவு. காருக்கு அப்படி இல்லை. ஆனால் சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் என்று 3ஏ வகுப்பு லைசென்ஸ் தனியாக இருக்கிறது. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கியவர் அதை வைத்து மேனுவலை ஓட்ட முடியாது. படிக்கவோ வேலைக்கோ அவள் வெளியே போகலாம், இங்கேயே அவசரத்துக்கு யாருடைய மேனுவல் காரையாவது எடுக்க வேண்டியும் வரலாம். 18 வயதில் கிளட்ச் சீக்கிரம் வசப்படும். இங்கே பெரும்பாலான டிரைவிங் ஸ்கூல்களில் இருப்பதும் மேனுவல் கார்தான். அவள் அங்கே போய் மேனுவலில் கற்று லைசென்ஸ் எடுக்கட்டும், வீட்டில் உங்கள் ஆட்டோமேட்டிக்கை ஓட்டட்டும்.